மீண்டெழும் செலவு

ஃபுளோரிடா மாநிலத்தின் வாகன எண் பலகையில் இன்றும் ஆரஞ்சுப் பழங்கள் அச்சாகியிருக்கின்றன. தோப்புகளில்தான் அவை குறைந்துகொண்டே வருகின்றன. 1997-98 பருவத்தில் அந்த மாநிலம் 24.4 கோடிப் பெட்டி ஆரஞ்சு பறித்தது. பெட்டி என்பது அங்கே ஓர் அளவை. 90 பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ 41 கிலோ. 2024-25 பருவத்தில் பறித்தது சுமார் 1.2 கோடிப் பெட்டி. இருபதில் ஒரு பங்கு. 1930களின் பெருமந்தக் காலத்துக்குப் பிறகு இவ்வளவு குறைந்த விளைச்சலை ஃபுளோரிடா கண்டதில்லை. ஏன் இப்படி என்று கேட்டால் முதலில் வரும் பதில் புயல். 2017இல் இர்மா, 2022இல் இயன், 2024இல் மில்டன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் தேங்கிய நீரில் பழங்கள் மிதக்கும் படம் தொலைக்காட்சியில் வந்தது. அந்தப் பதில் பொய்யில்லை, ஆனால் பாதிதான். ஆரஞ்சு வணிகப் பயிரான நாளிலிருந்தே ஃபுளோரிடாவில் வானிலை அதை அடித்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அடி வாங்கிய ஒவ்வொரு முறையும் தொழில் எழுந்து நின்றது. சில முறை முன்னைவிடப் பெரிதாகவே நின்றது. அப்படியானால் விளக்கம் தேவைப்படுவது விழுந்ததற்கு இல்லை, எழாமல் போனதற்கு. ஒரு பருவத்தின் விளைச்சலை வானிலை அழித்துவிடலாம். அழிந்ததை மீட்க ஆகும் செலவு, மீட்டபின் வரும் வரவைத் தாண்டும்போதுதான் தொழில் அழிகிறது. ஃபுளோரிடாவின் நூற்றுமுப்பது ஆண்டுக் கணக்கு இதைத்தான் காட்டுகிறது என்பது என் வாதம்.

கணக்கை உறைபனியிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் புயலுக்கு முன்பு அங்கே எமன் அதுதான். 1894 டிசம்பர் கடைசியில் ஒரு குளிர் அலை வந்தது. பழம் உறைந்தது, இலை கொட்டியது; மரம் மட்டும் பிழைத்தது. அடுத்த ஐந்தாறு வாரம் வெயில் இதமாக அடித்ததில் மரங்களில் நீரோட்டம் ஏறிப் புதுத் துளிர் விட்டது. 1895 பிப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டி அடுத்த அலை வந்தபோது, நீர் நிறைந்திருந்த பட்டை உறைந்து வெடித்தது. மரங்கள் தரைமட்டம் வரை செத்தன. 50 லட்சம் பெட்டியைத் தாண்டியிருந்த விளைச்சல், அடுத்த பருவத்தில் சுமார் ஒன்றரை லட்சமாக விழுந்தது. பழைய அளவை எட்டப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. ஆனால் எட்டினார்கள். வடக்கே இருந்த தோப்புகளை விட்டுவிட்டு மாநிலத்தின் நடுப்பகுதிக்கு, ஏரிகளும் மணல்மேடுகளும் நிறைந்த இடத்துக்கு இறங்கினார்கள். ஏரியின் தெற்குக் கரையில் இரவுக் குளிர் ஓரிரண்டு டிகிரி குறைவு என்பதும், குளிர்ந்த காற்று கனமானதால் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும் என்பதும் அடி வாங்கிக் கற்ற பாடங்கள்.

உறைபனியோடு மல்லுக்கட்டும் முறைகளில் இயற்பியல் நன்றாகவே தெரிகிறது. ஆரஞ்சுச் சாற்றில் சர்க்கரையும் அமிலமும் கரைந்திருப்பதால் பழம் சுழியம் டிகிரியில் உறையாது, மைனஸ் 2.2 டிகிரி செல்சியஸ் அளவில் நான்கு மணி நேரம் நின்றால் சேதம் என்பது தோப்புக்காரர்களின் பழகிய கணக்கு. அந்த நான்கு மணி நேரத்தைத் தள்ளிப்போட அவர்கள் மரத்தின் அடியில் நீரைத் தூவுகிறார்கள். குளிரும்போது நீரா என்று தோன்றலாம். ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாக மாறும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. நீர் தொடர்ந்து விழுந்து உறைந்துகொண்டே இருக்கும் வரை, பனிக்கட்டிக்குள் இருக்கும் தண்டு சுழியத்தை ஒட்டியே நிற்கும். கிளை போனாலும் ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே உயிர் தங்கும். காற்று வீசினால்தான் சிக்கல். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 600 கலோரி வேண்டும். தூவும் அளவு போதாமல் காற்றும் சேர்ந்துகொண்டால், உறைந்து கொடுத்ததைவிட ஆவியாகி எடுத்துக்கொள்ளும் வெப்பம் அதிகமாகி, காப்பாற்ற விட்ட நீரே தண்டைக் குளிரவைத்துவிடும். 1980களில் வந்த பெரிய உறைபனிகளில் சில அப்படிக் காற்றோடு வந்தவை. 1981, 1982, 1983, 1985, 1989 என்று ஒரு பத்தாண்டில் ஐந்து அடி. ஆர்லாண்டோவுக்கு மேற்கே லேக் மாவட்டத்தில் கண்ணுக்கெட்டியவரை இருந்த தோப்புகள் அதோடு முடிந்தன. அந்தத் தோப்புகளைச் சுற்றுலாப் பயணிகள் மேலிருந்து பார்க்கட்டும் என்று 1956இல் கிளெர்மான்ட்டில் கட்டிய சிட்ரஸ் கோபுரம் இன்னும் நிற்கிறது. ஏறிப் பார்த்தால் தெரிவது வீட்டுக் கூரைகள்.

இவ்வளவு அடிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1989 கிறிஸ்துமஸ் உறைபனி தாக்கிய பருவத்தில் விளைச்சல் 11 கோடிப் பெட்டி. எட்டே ஆண்டுகளில் அது 24.4 கோடியானது. மாநிலத்தின் தென்மேற்கில் ஹென்ட்ரி, கோலியர், டிசோட்டோ மாவட்டங்களில், அதுவரை மாடு மேய்ந்த தாழ்நிலத்தில் கால்வாய் வெட்டி, மேட்டுப்பாத்தி எடுத்து, பெருநிறுவனங்கள் புதுத் தோப்பு வைத்தன. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? உறைபனியிடமிருந்தேதான். வடக்கே மரம் செத்ததால் சாற்றின் விலை ஏறியது. விலை ஏறியதால் தெற்கே மரம் பிழைத்தவனுக்கு லாபம் பெருகியது. அந்த லாபத்தை நம்பி வங்கி கடன் கொடுத்தது. அடித்த கையே மருந்துக்கும் பணம் கொடுத்தது என்று சொல்லலாம். ஃபுளோரிடாக்காரர்களுக்கு உவப்பில்லாத ஒரு பக்கவிளைவும் இதில் உண்டு. 1962 டிசம்பர் உறைபனி ஏற்றிய விலைதான் பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் ஏற்றுமதிக்கான செறிவுச் சாற்றுத் தொழிலைத் தூக்கிவிட்டது. பிற்காலத்தில் ஃபுளோரிடாவின் கழுத்தைப் பிடித்த போட்டியாளர் அதன் குளிரிலேயே பிறந்தவர்.

பொருளியலாளர் ரிச்சர்ட் ரோல் 1984இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். உறைந்த செறிவுச் சாறு நியூயார்க்கில் 1966 முதல் முன்பேர வணிகத்தில் இருக்கிறது. அதற்கான பழம் பெரும்பாலும் ஒரே மாநிலத்தின் நடுப்பகுதியில் விளைந்தது. அதனால் அந்த விலையை ஆட்டுவது வானிலையாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ரோல் இரண்டு விஷயங்களைக் கண்டார். ஆர்லாண்டோவின் இரவுக் குளிரைப் பற்றிய அரசு முன்னறிவிப்பில் வரப்போகும் பிழையைக்கூடச் சந்தை விலை ஓரளவு முன்கூட்டியே காட்டியது. வியாபாரிகள் வானத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்தார்கள். ஆனால் விலையின் மொத்த ஏற்ற இறக்கத்தில் வானிலையால் விளக்க முடிந்தது சிறு பகுதிதான். உறைபனியின் பொற்காலத்திலேயே நிலைமை இது என்றால், வானிலை ஒன்றையே காரணமாகச் சொல்லும் கதைகளைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும்.

இனி பழைய கணக்கைப் புரட்டிப்போட்ட நிகழ்ச்சி. 1998இல் ஆசிய சிட்ரஸ் சைலிட் என்ற பூச்சி ஃபுளோரிடாவில் முதன்முதலாகத் தென்பட்டது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளம். தலையைத் தாழ்த்தி உடலை நாற்பத்தைந்து டிகிரி தூக்கிவைத்துச் சாறு உறிஞ்சும். இந்தியத் துணைக்கண்டத்துத் தோப்புகளுக்கு இது நெடுநாள் பழக்கம். வேலிக்கும் அழகுக்கும் வளர்க்கும் ஒரு வெள்ளைப்பூச் செடி, நம் கறிவேப்பிலையின் உறவு, இந்தப் பூச்சிக்குப் பிரியமானது. நாற்றுப்பண்ணைகளில் விற்ற அந்தச் செடிகளோடு பூச்சியும் மாநிலம் முழுக்கப் பயணம் செய்தது. ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு வருபவர்களின் பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை கண்ணில் பட்டால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுகிறார்களே, அதன் பின்னணி இதுதான்: கறிவேப்பிலையிலும் சைலிட் முட்டையிடும். பூச்சி மட்டும் வந்திருந்தால் பெரிய கேடில்லை. 2005இல் மயாமிக்குத் தெற்கே கிரீனிங் நோய் உறுதியானது. அந்த நோயின் பாக்டீரியா, பூச்சியின் வாய் வழியாக மரத்தின் உணவுக்குழாய்க்குள் இறங்குகிறது. குழாய் அடைபட்டு, இலையில் தயாராகும் சர்க்கரை வேருக்குப் போகாமல் நின்றுவிடுகிறது. பழம் சிறுத்து, ஒருபக்கம் கோணி, அடியில் பச்சையாகவே நின்று, பழுக்குமுன் உதிர்கிறது. நோயைக் குணமாக்கும் மருந்து கிடையாது. மரம் உடனே சாவதும் இல்லை, அதுதான் வம்பு. இலையில் அறிகுறி தெரியுமுன்பே மெல்லிய வேர்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போயிருக்கும் என்பதை ஃபுளோரிடா ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள்.

நோய் மரத்துக்கு, செலவு ஏக்கருக்கு. முன்பு ஆண்டுக்குச் சில முறை மருந்தடித்த தோப்பில் இப்போது பூச்சிக்காகவே மாதம் தவறாமல் அடிக்க வேண்டியிருந்தது. வேர் குறைந்த மரம் ஒரே தடவையில் கொட்டும் உரத்தை எடுத்துக்கொள்ளாது. ஃபுளோரிடாவின் மணலும் உரத்தைப் பிடித்துவைக்காது. ஆகவே சிறிது சிறிதாக, அடிக்கடி, பாசன நீரோடு கலந்து ஊட்ட வேண்டும். 2021-22இல் உலகச் சந்தையில் உர விலை தாவியபோது அடி நேராக விழுந்தது இங்கேதான். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் வேளாண் பொருளியலாளர்கள் நெடுங்காலமாக வெளியிட்டுவரும் சாகுபடிச் செலவுக் கணக்குகளின்படி, நோய் வந்த பத்தே ஆண்டில் ஏக்கர் செலவு இரட்டிப்புக்கு மேல் ஆனது. கேட்டால் இரட்டிப்புத்தானே என்று தோன்றும். கணக்கில் பாதிதான் இது. வகுத்துப் பார்த்தால்தான் முழுக்கதை. நோய்க்கு முன் ஓர் ஏக்கர் 400 பெட்டிக்கு மேல் கொடுத்தது. இயன் புயலுக்கு முந்தைய பருவத்தில் அது ஏறத்தாழ 130க்கு இறங்கியிருந்தது. உத்தேசமாக, ஏக்கருக்கு 800 டாலர் செலவழித்து 400 பெட்டி எடுத்தவனுக்குப் பெட்டிக்கு ஆகும் செலவு 2 டாலர். 2,000 டாலர் செலவழித்து 130 பெட்டி எடுப்பவனுக்கு 15 டாலரைத் தாண்டுகிறது. ஏக்கர் செலவு இரண்டரை மடங்கு. பெட்டிச் செலவு ஏழு மடங்குக்கு மேல். விலைவாசி உயர்வு என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த வகுத்தல் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

பறிப்புக் கூலியில் இதே வகுத்தல் இன்னும் கூர்மையாகத் தெரியும். ஃபுளோரிடாவில் சாற்றுக்கான ஆரஞ்சையும் பெரும்பாலும் கையால்தான் பறிக்கிறார்கள். தோளில் கித்தான் பை, சாய்த்து வைத்த ஏணி, மரத்தடியில் பத்துப் பெட்டி கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி. தொட்டி நிறைந்ததும் தூக்குக் கை வைத்த வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். ஏணியை எடுத்து வைப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் மரத்துக்கு இத்தனை தடவை என்று இருப்பது. பழம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தாலும் அந்த வேலை குறையாது. தொட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஆளுக்குத் தொட்டி நிறைய மூன்று மடங்கு நேரமானால், தொட்டிக் கூலியை ஏற்றியாக வேண்டும், இல்லையேல் ஆள் வரமாட்டான். தற்காலிக விசாவில் மெக்சிகோவிலிருந்து வரும் தொழிலாளருக்கு அரசு விதித்த குறைந்தபட்ச மணிக்கூலியும் ஃபுளோரிடாவில் 2022இல் 12.41 டாலராக இருந்து 2024இல் 14.77 டாலரானது, போக்குவரத்தும் தங்குமிடமும் தோப்புக்காரர் தலையில். பெட்டி நிறைந்தாலும் பிரச்சினை தீரவில்லை. ஆலை பணம் கொடுப்பது பழத்துக்கு இல்லை, பழத்துக்குள் கரைந்திருக்கும் திடப்பொருளுக்கு, பெரும்பாலும் சர்க்கரைக்கு. நோய் மரத்தின் பழத்தில் இருக்க வேண்டியது அதுதான், இல்லாததும் அதுதான்.

இப்போது புயலை இந்தக் கணக்குக்குள் கொண்டுவரலாம். ஆரோக்கியமான மரம் புயலில் பழத்தையும் இலையையும் இழக்கும், கிளை முறியும், தேங்கிய நீர் மூன்று நாளைத் தாண்டினால் வேர் அழுகத் தொடங்கும். இதெல்லாம் பழைய காலத்திலும் நடந்தது. வேரில் பாதியைப் பறிகொடுத்துவிட்டு, காம்பு பலவீனமான பழங்களோடு நிற்கும் மரத்துக்கு அதே காற்று வேறு. அதற்குப் பின்வரும் வாரங்கள் அதைவிட மோசம். இலை இழந்த மரம் இருப்பிலுள்ள மாவுச்சத்தைச் செலவழித்து ஒரே நேரத்தில் துளிர் விடும். சைலிட் முட்டையிடுவது விரியாத துளிரில் மட்டும். மாநிலத்தில் பாதித் தோப்புகள் ஒன்றாகத் துளிர்ப்பது பூச்சிக்கு விருந்து வைப்பது போல. ஆனால் மருந்தடிக்க டிராக்டர் போக வேண்டிய பாதை அப்போது சேறு. சிட்ரஸ் மரங்களைத் தாக்கும் இன்னொரு பாக்டீரியா நோயான சொறியின் கதை இன்னும் வெளிப்படையானது. அந்த பாக்டீரியாவை ஒழிக்க, நோயுற்ற மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த சிட்ரஸ் மரங்களையெல்லாம் வெட்டும் திட்டம் 2000களின் தொடக்கத்தில் நடந்தது. கோர்ட்டுக்குப் போய்ச் சண்டையிட்ட வீட்டுக்காரர்களின் கொல்லை மரங்கள் உட்பட ஒரு கோடிக்கும் மேல் வெட்டினார்கள். 2004இல் சார்லி, பிரான்செஸ், ஜீன் புயல்களும் 2005இல் வில்மாவும் மழைத்துளியோடு அந்த பாக்டீரியாவை எத்தனையோ மைல் தூவிவிட்டுப் போயின. 2006 ஜனவரியில் ஒழிப்புத் திட்டத்தையே கைவிட்டார்கள். வெட்டிய செலவு போனது. நோயோடு வாழும் செலவு வந்து சேர்ந்தது.

எதிர்வாதம் செய்பவர் இந்த இடத்தில் ஒரு எண்ணை நீட்டலாம். இர்மா புயல் வந்த 2017-18இல் விளைச்சல் 4.5 கோடிப் பெட்டிக்கு விழுந்தது. மறு பருவத்திலேயே 7.2 கோடிக்கு ஏறியது. எழவில்லை என்று எப்படிச் சொல்வது? எண் சரி. ஆனால் அது ஏற்கெனவே நின்ற பழைய மரங்களே மறுபடி காய்த்த எழுச்சி. 1990களில் கண்டது புதிதாக நட்ட மரங்களின் எழுச்சி. வேறுபாடு அடுத்த மூன்று பருவங்களில் வெளிப்பட்டது: பெரிய புயல் எதுவும் தோப்புகளைத் தாக்காத நிலையிலேயே 6.7 கோடி, 5.3 கோடி, 4.1 கோடி என்று இறங்கியது. பிறகு இயன் வந்து 1.6 கோடியில் நிறுத்தியது. ஆரஞ்சுக் கன்று நட்டால் சொல்லிக்கொள்ளும்படி முதல் பறிப்புக்கு மூன்று, நான்கு ஆண்டு. போட்ட பணம் திரும்பப் பத்தாண்டை ஒட்டி ஆகும். அதுவரை வட்டி ஓடும். முன்பு அந்தப் பத்தாண்டில் உறைபனி வருமா என்பது மட்டுமே கேள்வி. இப்போது நட்ட ஓரிரு ஆண்டிலேயே கன்று நோய் வாங்கிவிடும் என்பது ஏறக்குறைய உறுதி. அதற்கு மேல் ஐந்தாண்டுக்கு ஒரு புயல். உச்ச மகசூலைக் காணாமலே சரியப்போகும் மரத்தின் மேல் வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும்? இர்மாவுக்குப் பிறகு ஒன்றிய அரசு சிட்ரஸ்காரர்களுக்கு ஒதுக்கிய நிவாரணமே சுமார் 34 கோடி டாலர். பணம் வந்தது, தோப்புப் பரப்பு குறைவது நிற்கவில்லை. 1990களின் நடுவில் எட்டரை லட்சம் ஏக்கரை ஒட்டியிருந்த மொத்த சிட்ரஸ் பரப்பு 2024இல் சுமார் 2.75 லட்சம்.

புவி வெப்பமடைந்தால் உறைபனி குறையும், அது ஆரஞ்சுக்கு நல்லதுதானே என்று ஒரு வாதம் உண்டு. மேலோட்டமாக நியாயமானது, 1989க்குப் பிறகு அந்த அளவு பேரழிவு உறைபனி தோப்புகளுக்கு வரவில்லை. ஆனால் ஆரஞ்சுக்குக் குளிரும் வேண்டும். 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம் மொத்தமாகச் சேர்ந்தால்தான் மொட்டுகள் பூவாக மாறத் தீர்மானிக்கின்றன. குளிர்காலத்தின் இடையிடையே வெயில் காய்ந்தால் பூப்பது இரண்டு, மூன்று தவணையாகச் சிதறும். ஒரே மரத்தில் பழுத்ததும் காயும் கலந்து நிற்கும். பறிப்புச் செலவு மறுபடி ஏறும். மேலும், குளிர் இல்லாத ஜனவரியில் மரம் துளிர்க்கும். 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சைலிட் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் போதும். உறைபனி மரத்தைக் கொன்றாலும் பூச்சியின் எண்ணிக்கையையும் அடக்கி வைத்திருக்கும். அதன் விலகல் ஒரு செலவைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டுகிறது.

இன்னும் வலுவான எதிர்வாதம் விலையைப் பற்றியது. சரக்கு குறைந்தால் விலை ஏறும், ஏறிய விலை செலவை ஈடுகட்டும். 1980களில் நடந்ததாக மேலே சொன்னதும் அதுதான். இம்முறையும் விலை ஏறாமல் இல்லை. 2024 டிசம்பரில் செறிவுச் சாற்றின் முன்பேர விலை பவுண்டுக்கு 5 டாலரைத் தாண்டி வரலாறு காணாத உச்சம் தொட்டது. சில மாதங்களுக்குள் அதில் பாதிக்கும் கீழே போனது. ஏறிய விலையால் ஃபுளோரிடாக்காரருக்குப் பயன் சிறிது, ஏனென்றால் விற்க அவரிடம் பெட்டி இல்லை. விலையை நிர்ணயித்தவரும் அவர் இல்லை. அமெரிக்கக் கடைகளின் சாறு இன்று பெரிதும் பிரேசிலிலும் மெக்சிகோவிலும் விளைவது. 2024இன் அந்த உச்ச விலை ஃபுளோரிடாவின் புயலால் மட்டும் வந்ததில்லை, சாவோ பாவ்லோவின் வெயிலாலும் வந்தது. குடிப்பவரும் காத்திருக்கவில்லை: அமெரிக்காவில் ஆரஞ்சுச் சாறு அருந்துவது 2000க்குப் பிறகு வெகுவாகக் குறைந்திருக்கிறது. விலை ஏறும்போது வேறு பானத்துக்குப் போனவர் விலை இறங்கினாலும் திரும்புவதில்லை. 1980களில் உறைபனி ஏற்றிய விலை ஃபுளோரிடாவின் தெற்குத் தோப்புகளுக்கே திரும்பி வந்தது. இன்று அது கடல் தாண்டிப் போகிறது.

நிலம் விலைபோவதுதான் உண்மைக் காரணம், மற்றதெல்லாம் சாக்கு என்பவர்களும் இருக்கிறார்கள். ஃபுளோரிடாவின் மக்கள்தொகை 1990இல் 1.3 கோடிக்குச் சற்றுக் குறைவு, 2020இல் 2.15 கோடி, ஆர்லாண்டோவைச் சுற்றி வீட்டுமனைக்காரர் கொடுக்கும் விலைக்கு எந்தப் பழமும் ஈடாகாது என்பது மெய். ஆனால் 1898இல் தொடங்கிய அலிக்கோ நிறுவனத்தின் முடிவைப் பாருங்கள். மாநிலத்தின் பெரிய தோப்புக்காரர்களில் ஒன்று. மரத்தண்டில் மருந்து செலுத்தும் ஊசி உட்படப் பல சிகிச்சைகளையும் செய்து பார்த்தது. பத்தாண்டில் தன் விளைச்சல் 73 விழுக்காடு சரிந்துவிட்டதாகச் சொல்லி, நடப்புப் பருவத்தோடு சிட்ரஸுக்கு மேற்கொண்டு முதலீடு இல்லை என்று 2025 ஜனவரியில் அறிவித்தது. அதன் கையில் இருந்தது சுமார் 53,000 ஏக்கர். அதில் கால்பங்கே வீடு, கட்டட வளர்ச்சிக்கு உகந்தது என்றும் மீதி வேளாண்மையில் தொடரும் என்றும் நிறுவனம் சொன்னது. நகரத்துக்கு எட்டாத அந்த முக்கால் பங்கிலும் ஆரஞ்சுக்கு மேற்கொண்டு முதலீடு இல்லை. நிலத்தின் விலை விற்பவரை அவசரப்படுத்தும்; விற்க வைத்தது வேறு. போதாக்குறைக்கு, பராமரிப்பை நிறுத்திய தோப்பு சும்மா கிடப்பதில்லை. சைலிட் அங்கே பெருகிப் பக்கத்துத் தோப்புக்குப் பறக்கும். ஒருவர் கைவிட்ட செலவு அடுத்தவர் கணக்கில் ஏறுகிறது.

வாதத்துக்கு ஒரு வெளிச்சோதனை வேண்டுமென்றால் பிரேசில் இருக்கிறது. கிரீனிங் அங்கே 2004இலேயே தெரிந்தது, ஃபுளோரிடாவுக்கு ஓராண்டு முன்பு. சாவோ பாவ்லோ, மினாஸ் ஜெராய்ஸ் சிட்ரஸ் வட்டாரத்தில் ஃபுண்டெசிட்ரஸ் அமைப்பின் கணக்குப்படி 2024இல் நூற்றுக்கு 44 மரங்களில் நோய். 2023 பிற்பகுதியின் வெப்ப அலையில் பூவும் பிஞ்சும் கருகி, 2024-25 விளைச்சல் முந்தைய பருவத்தின் 30.7 கோடியிலிருந்து 23.1 கோடிப் பெட்டிக்கு விழுந்தது. நோயும் வானிலையும் சேர்ந்தால் தொழில் செத்தே தீரும் என்றால் அங்கே மரணக் குறிகள் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் 2025-26க்கான முதல் மதிப்பீடு மறுபடி 31 கோடிப் பெட்டியைத் தாண்டியது. காரணம் அதிசயமானதில்லை. பிரேசிலின் பெருந்தோப்புகள் நோயுற்ற மரத்தைப் பிடுங்கி எறிந்து உடனே நெருக்கமாகக் கன்று நடத் தொடக்கத்திலிருந்தே பணம் செலவழித்தன. கூலியும் நிலமும் அங்கே மலிவு. நோய் குறைவான மாட்டோ க்ரோஸோ டோ சூல் போன்ற மாநிலங்களுக்கு நகர இடம் இருக்கிறது. ஃபுளோரிடாவுக்குத் தெற்கே இருப்பது கடல். பிரேசிலின் அந்தத் தோப்புகளுக்குச் சூறாவளியும் கிடையாது. அடி ஏறக்குறைய ஒன்றுதான். எழும் செலவுதான் வேறு. அந்தச் செலவு அங்கேயும் ஏறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்: மழையை நம்பியிருந்த தோப்புகள் பாசனத்துக்கு மாறுகின்றன, நோயின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது.

ஃபுளோரிடாவில் செலவைக் குறைக்கும் முயற்சிகள் ஓயவில்லை. 2022இன் இறுதியில் அனுமதி கிடைத்த ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசியை ஆட்கள் மரம் மரமாகப் போய்த் தண்டில் துளையிட்டுச் செலுத்துகிறார்கள். மரம் சற்றுத் தேறும், நோய் போகாது. வலைக்கூடாரத்துக்குள் வளர்க்கும் மரத்துக்கு நோயே வராது, ஆனால் அந்தச் செலவை நல்ல விலைக்குத் தனியாக விற்கும் உண்ணும் பழம் தாங்கும், ஆலைச் சாறு தாங்காது. புயலில் வலையும் கிழியும். நோயைத் தாங்கும் புது ரகங்கள் மெல்ல வருகின்றன. இதற்கிடையில் சட்டமே மரத்துக்கு ஏற்ப வளைகிறது. 1960களில் வகுத்த விதிப்படி அமெரிக்காவில் பதப்படுத்திய ஆரஞ்சுச் சாற்றின் இனிப்பு 10.5 பிரிக்ஸுக்குக் குறையக் கூடாது. ஃபுளோரிடாப் பழம் அதை எட்டத் திணறுவதால், அதை 10 ஆக்கும்படி தொழில் சங்கங்கள் 2022இல் கேட்டன; உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்ட்டில் அப்படியே முன்மொழிந்தது. குறைந்த சர்க்கரையைச் சரிக்கட்ட வெளிநாட்டுச் சாற்றைக் கலக்கும் செலவு இதனால் மிச்சம்.

இனி ஒரு புயல் வந்தால் செய்திகளில் பெட்டிக் கணக்கு வரும். அதைவிடச் சொல்லத்தக்க எண் ஒன்று வேறோர் இடத்தில் பதிவாகிறது. ஃபுளோரிடாவில் சிட்ரஸ் கன்றுகளைப் பூச்சி புகாத கூடங்களுக்குள்தான் வளர்க்க வேண்டும் என்று நோய்க்குப் பிறகு விதி வந்தது. கன்றின் விலை அதனாலேயே ஏறியது. அந்தக் கூடங்களில் ஆண்டுதோறும் எத்தனை ஒட்டுக் கன்றுகள் கட்டப்பட்டன என்பதை மாநில வேளாண் துறை கணக்கெடுக்கிறது. பத்தாண்டு கழித்தும் ஆரஞ்சு விற்கும் என்று பணம் கட்டுபவர்கள் எத்தனை பேர் மிச்சமிருக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் தெரியும். ஓர் ஆலை ஓட ஆண்டுக்கு இவ்வளவு பழம் வேண்டும் என்று ஒரு கீழ்வரம்பு உண்டு; அதற்குக் கீழே போனால் அது மூடும், மீந்திருக்கும் தோப்புக்காரர் இன்னும் ஐம்பது மைல் லாரி வாடகை கொடுத்துப் பழத்தை அடுத்த ஆலைக்கு அனுப்புவார். பெட்டிச் செலவில் அந்த வாடகையும் இப்போதே ஏறத் தொடங்கியிருக்கிறது.